ஊறுதல்: சமையலறையில் ஒரு சொல், கிணற்றிலும் அதே சொல்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று இங்கே தருகிறோம்.)



தமிழில் பேசச் சொன்னால் சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் என்று பெரிய தலைப்பாக எடுப்பார்கள். நான் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் சமையலறைச் சொல். "ஊறவை", "ஊறப்போடு" என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்தச் சொல்தான்.

உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சொல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் குழம்புக்குப் புளி ஊறுகிறது. மத்தியானம் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன. ராத்திரி சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறுகிறது. மருமகள் தலைக்குத் தேய்க்க வெந்தயம் ஊறவைக்கிறாள். மாமியார் பாதாமை ஊறவைத்து எண்ணி எடுக்கிறார். சட்டையில் கறை பட்டால் அதுவும் வாளியில் ஊறுகிறது. ஆபீசில் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டால், "அது ஊறிக்கிட்டு இருக்கு" என்கிறோம்.

இவ்வளவு வேலை செய்கிற சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பார்த்துக்கொண்டே போனால் அது நம்மைச் சமையலறையிலிருந்து கிணற்றடிக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அங்கேதான் இன்றைய பேச்சின் முக்கியமான விஷயம் இருக்கிறது.

நனைப்பதும் தோய்ப்பதும் ஊறுவதும்

முதலில் பொருள். தண்ணீரில் போடுவதற்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. எல்லாம் ஒன்றல்ல. நனைப்பது என்றால் மேலே ஈரம் படுவது. மழையில் நனைந்தேன் என்கிறோம்; மழையில் ஊறினேன் என்றால், ரொம்ப நேரம் நின்றுவிட்டோம் என்று அர்த்தம். தோய்ப்பது என்றால் உள்ளே விட்டு உடனே எடுப்பது. பஜ்ஜிக்கு வாழைக்காயை மாவில் தோய்த்து எண்ணெயில் போடுகிறோமே, அது. ஊறவைப்பது இந்த இரண்டும் அல்ல. ஈரம் உள்ளே போய்ச் சேர வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஆகவே ஊறுதல் என்ற சொல்லுக்குள் தண்ணீர் பாதி, நேரம் பாதி.

இங்கே இலக்கணத்தையும் கவனியுங்கள். நனைக்கிறேன், தோய்க்கிறேன் என்பவை நாம் செய்கிற வேலை. ஆனால் "ஊறுகிறது" என்பது பொருள் தானாகச் செய்கிற வேலை. நாம் செய்வது, ஊற "வைப்பது" மட்டும்தான். அரிசியைத் தண்ணீரில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். மீதியை அரிசி பார்த்துக்கொள்கிறது. அவசரப்படுத்த முடியாத வேலை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

பிள்ளைகளுக்காக ஒரு எழுத்துக் குறிப்பு. ஊற என்பது வல்லின ற. "அரிசியை ஊரவைத்து" என்று இடையின ர போட்டு எழுதுவது இப்போது அதிகமாகிவிட்டது. ஊர்தல் என்றால் நகர்ந்து போவது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிற பழமொழியில் வருவது அந்த ஊர்தல். எறும்பு ஊர்கிறது; அரிசி ஊறுகிறது. எழுத்து மாறினால் அரிசி நடந்து போய்விடும்.

ஊற்றிலிருந்து வந்த சொல்

இனி அது எங்கிருந்து வந்தது என்பதற்கு வருவோம். ஊறு என்ற வினையின் மூத்த பொருள் சமையலில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. கிணற்றில் நீர் சுரப்பது ஊறுதல். அப்படிச் சுரக்கிற இடம் ஊற்று. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால், நீர் சுரப்பது, கசிவது, நனைந்து ஊறுவது எல்லாம் ஒரே சொல்லின் கீழ் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

திருக்குறளிலும் இதைக் காணலாம். 396ஆவது குறளில் வள்ளுவர் மணற்கேணியைச் சொல்கிறார். தோண்டத் தோண்ட நீர் ஊறுவது போல, கற்கக் கற்க அறிவு ஊறும் என்பது கருத்து. 1121ஆவது குறளுக்கு வந்தால், அதே வினை காதலியின் வாயில் ஊறுகிற நீருக்கு வருகிறது. கேணியிலும் வாயிலும் ஒரே சொல். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். பிரியாணி வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று பூண்டு வைத்துக் கொடுக்கிறோம்.

மணற்கேணி என்றால் என்ன என்று நம் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பாலாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற ஆறு. மேலே தண்ணீர் ஓடாத காலத்திலும் மணலைத் தோண்டினால் ஊற்று. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூர் வழியாகப் பாலாற்றை நோக்கிப் போகிற உத்திரகாவேரியும் மழைக்கு மழை வெள்ளம், மற்ற நாளில் மணல். ஆற்றில் ஊற்றுத் தோண்டி, முதலில் வருகிற கலங்கலை இறைத்துவிட்டு, தெளிந்து ஊறுகிற நீரைக் குடத்தில் மொண்டு வந்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

இப்போது ஒரு கேள்வி. ஊற்றில் நீர் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. அரிசியில் நீர் வெளியேயிருந்து உள்ளே போகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டுக்கும் நம் முன்னோர் எப்படி ஒரே சொல்லை வைத்தார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது. அதற்குமுன் பக்கத்து வீட்டு மொழிகளைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

நம் பகுதியில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கேட்கும். தெலுங்கு பேசுகிற வீட்டில் அரிசியை "நானபெட்டு" என்பார்கள். நம்முடைய நனை என்ற சொல்லுக்கு அது உறவு. ஆனால் அதே வீட்டில் ஊறுகாயை "ஊரகாய" என்பார்கள், நாக்கில் எச்சில் ஊறுவதற்கும் ஊரு என்பார்கள், ஊற்றுக்கு "ஊட்ட". ஆக, வேர் அங்கேயும் இருக்கிறது. உருது பேசுகிற வீட்டில் "பிகோனா" என்பார்கள். ஈரமாக்குவது என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆச்சார் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது.

இப்போது யூடியூப் பார்த்துச் சமைக்கிற பிள்ளைகள் "சிக்கனை மேரினேட் பண்ணு" என்கிறார்கள். அந்தச் சொல்லின் கதையும் சுவையானதுதான். லத்தீனில் கடலுக்கு மாரே என்று பெயர். அதிலிருந்து பிரெஞ்சு மொழியில் மரினே. கடல் நீரில், அதாவது உப்பு நீரில், மீனையும் இறைச்சியையும் போட்டுவைப்பது என்பது அதன் முதல் பொருள். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போய் மேரினேட் ஆயிற்று. பிக்கிள் என்ற சொல்லும் உப்பு நீரைக் குறித்த டச்சுச் சொல்லோடு உறவுடையது. கன்னடத்தில் ஊறுகாய்க்கு "உப்பினகாயி", மலையாளத்தில் "உப்பிலிட்டது". பல மொழிகள் அந்தப் பண்டத்துக்கு உப்பை வைத்தே பெயர் சூட்டியிருக்கின்றன. எதில் போட்டோம் என்பதைச் சொல்கின்றன.

தமிழும் தெலுங்கும் எதில் போட்டோம் என்று சொல்லவில்லை. போட்டபின் அதற்கு என்ன நடக்கிறது என்று சொல்கின்றன. ஊறுகாய் என்பதை இலக்கண வகுப்பில் வினைத்தொகைக்கு உதாரணமாகப் படித்திருப்பீர்கள். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கிறது. வீட்டு ஜாடியைப் பார்த்தால் இலக்கணம் எவ்வளவு சரி என்று தெரியும். போன சித்திரையில் போட்டது ஊறியிருக்கிறது; இன்றும் ஊறுகிறது; அடுத்த சித்திரை வரை ஊறும்.

ஜாடிக்குள் நடப்பது

கையில் வைத்திருக்கச் சொன்ன கேள்விக்கு இப்போது வருவோம். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைக்கிறீர்கள். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. மறுநாள் திறந்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. அது மாங்காயிலிருந்து ஊறிய நீர். அந்த நீரில் உப்பு கரைந்து, மாங்காய்க்குள் போய் ஊறுகிறது. நீர் வெளியே வருகிறது. உப்பு உள்ளே போகிறது. மாவடு சுருங்குவதும் இதனால்தான். அதற்கு உப்பு ஏறுவதும் இதனால்தான். இரண்டும் ஒரே ஜாடியில், ஒரே நேரத்தில் நடக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் இதைச் சவ்வூடு பரவல், விரவல் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் சொல் அதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. ஊறுதல் ஒருவழிப் பாதை அல்ல. போக்கும் வரத்தும் சேர்ந்ததுதான் ஊறுதல். ஒரு பொருளை எதில் வைக்கிறோமோ அது பொருளுக்குள் போகும். பொருளில் இருப்பது வெளியே வரும். உள்ளே போனது ஒருநாள் திரும்பி வரும்.

இதைத் தெரிந்துகொண்டால் சமையலில் பல விஷயம் தெளிவாகும். ராஜ்மாவை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்பார்கள். அதில் உடம்புக்கு ஆகாத ஒரு பொருள் இருக்கிறது. ஊறுவது பயறை மெதுவாக்கி, கொதி உள்ளே இறங்க வழி செய்கிறது. அந்தப் பொருளை முறிப்பது நல்ல கொதிதான். கொண்டைக்கடலை, மொச்சையில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. புளி ஊறிய தண்ணீரை மட்டும் நாம் கொட்டுவதில்லை. அங்கே நமக்கு வேண்டியதே வெளியே வந்ததுதான்.

சீக்கிரம் வேகட்டும் என்று கடலையில் சோடா உப்புப் போடுகிறவர்கள் உண்டு. வேகும், சந்தேகமில்லை. ஆனால் தயமின் என்கிற பி1 சத்து அதில் குறைந்துபோகும். எட்டு மணி நேரம் ஊறவிட்டால் சோடாவுக்கு வேலையில்லை.

இறைச்சியை ஊறவைக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உள்ளே நன்றாகப் போவது உப்புத்தான். மசாலா பெரும்பாலும் மேலேயே நிற்கிறது. தயிரும் எலுமிச்சையும் மேற்பரப்பை மெதுவாக்குகின்றன. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டுமானால் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மேடைமேல் வைத்தால் மசாலாவுக்கு முன் கிருமி ஊறிவிடும்.

ஒரே ஆடு, இரண்டு ஊறல்

நம் வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பெரிய வாழ்க்கை உண்டு. ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை கூடுகிற ஆட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஆடுகள் வருகின்றன. சந்தையில் கைமாறுகிற ஆட்டுக்கு இரண்டு ஊறல் காத்திருக்கிறது.

இறைச்சி பிரியாணிக்குப் போகிறது. ஆம்பூர் பிரியாணியை ஊறல்களின் கூட்டம் என்றே சொல்லலாம். மிளகாய் வற்றலை ஊறவைத்து அரைத்த விழுது, தயிரில் ஊறிய கறி, அரை மணி ஊறிய சீரகச் சம்பா. தொட்டுக்கொள்கிற கத்தரிக்காய்க்குப் புளி ஊற வேண்டும். கடைசியில் ஆற்காடு மக்கன் பேடா வைத்தால் அது சர்க்கரைப் பாகில் ஊறியது.

தோல், பதனிடப் போகிறது. உரித்த தோல் கெடாமலிருக்க உப்புத் தடவுகிறார்கள். அதுவும் ஒருவகை ஊறுகாய்தான். டேனரிக்கு வந்ததும் அதற்கு நடக்கிற முதல் வேலை ஊறவைப்பது. தண்ணீரில் போட்டு அந்த உப்பையும் ரத்தத்தையும் அழுக்கையும் வெளியேற்றி, காய்ந்த தோலை மறுபடி மெதுவாக்குவது. அதன்பிறகு சுண்ணாம்பில் ஊறும், முடி கழலும். பழைய முறையில் ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றின் சாற்றில் வாரக்கணக்கில் ஊறும். பட்டையின் துவர்ப்பு தோலுக்குள் ஏறிவிட்டால் பிறகு அது அழுகாது. குரோம் உப்பு வந்தபின் அந்த வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. நம் பகுதியின் பிழைப்பில் பெரும்பங்கு இந்த ஊறலிலிருந்து வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எத்தனை ஊர்களில் எத்தனை குடும்பங்கள் ஷூ கம்பெனி வேலையிலும் தோல் வேலையிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. அதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமல்ல.

ஆனால் ஜாடியில் பார்த்த விதி இங்கேயும் உண்டு. தோலில் இருந்த உப்பு ஊறல் தண்ணீருக்கு வந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று?

மண்ணும் ஊறும்

பல வருடங்களாக அது ஓடைக்கும் ஏரிக்கும் வெற்று நிலத்துக்கும் பாலாற்று மணலுக்கும் போயிற்று. மணல் அதைக் குடித்தது. கிணறுகள் அதைத் திருப்பிக் கொடுத்தன. மேலிருந்து உள்ளே ஊறியது, அடியிலிருந்து வெளியே ஊறியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு இதை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மனு 1991ஆம் ஆண்டினது. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28 அன்று. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டிருந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று நீதிமன்றம் அதில் உறுதியாகச் சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு அமையவும் அந்தத் தீர்ப்பு வழிகாட்டியது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஆர்.ஓ. முறையில் உப்பைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடுகளும் வந்தன. ஆனாலும் மண்ணில் ஊறியது ஒரே மழையில் கழுவிப் போகாது. 2025 ஜனவரியில்கூட, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருவது, பாலாற்றை மீட்பது பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊறுவதற்கு நேரம் ஆகும் என்று சொன்னேன்; ஊறியது வெளியேறவும் அதேபோல் நேரம் ஆகும்.

அந்த வழக்கைத் தொடுத்தது பெரிய கட்சியோ பெரிய பணக்காரரோ இல்லை. பெயரைக் கவனியுங்கள்: குடிமக்கள் நல மன்றம். நாமும் குடியிருப்போர் நலச் சங்கம்தான்.

பருப்பு வேகாத தண்ணீர்

"அது டேனரிக்காரர் பிரச்சினை, நமக்கென்ன" என்று நினைக்கலாம். நம் வீட்டு அடுப்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. "இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது" என்று நம் பெண்கள் சொல்கிறார்களே, அது வெறும் புலம்பல் அல்ல, நல்ல பரிசோதனை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகமானால், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு அவை சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. எவ்வளவு ஊறினாலும் கடலை கல்லாகவே இருக்கும். நம் பகுதிப் பாறையே ஓரளவு கடினநீரைத் தரக்கூடியது. அதன்மேல் நாம் கொட்டுகிற கழிவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

குடிநீருக்கான இந்திய தர அளவு ஐ.எஸ். 10500. அதன்படி கரைந்துள்ள திடப்பொருள், அதாவது நாம் டிடிஎஸ் என்கிறோமே அது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் போர்வெல் எவ்வளவு காட்டுகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

டேனரி நம் தெருவில் இல்லை. ஆனால் நம் தெருவிலும் மண் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர், சலவைத் தண்ணீர், கழிவறை அமிலம், ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடுகிற உப்புத் தண்ணீர், செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சுகுழிக்குப் போவது எல்லாம் கீழே இறங்குகின்றன. அதே மண்ணிலிருந்துதான் மோட்டார் போட்டு நாம் தண்ணீர் எடுக்கிறோம். அந்தத் தண்ணீரில்தான் நாளைக்கு அரிசி ஊறும். இது நம் எல்லோருக்கும் பொதுவான ஜாடி.

ஆகவே சங்கத்தின் சார்பில் உங்கள் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

முதலாவது, மழைநீர் சேகரிப்புக் குழி. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம் ஆனது. அப்போது கட்டிய குழிகள் பல இன்று குப்பை மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழை தொடங்குமுன் மேல்மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். நல்ல தண்ணீர் உள்ளே ஊறினால்தான் நல்ல தண்ணீர் வெளியே ஊறும்.

இரண்டாவது, அந்தக் குழிக்குள் மொட்டைமாடி மழைநீர் மட்டுமே போகட்டும். சமையலறைக் குழாயையோ வாஷிங் மெஷின் குழாயையோ அதில் சேர்த்துவிடாதீர்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரையும் வெளியே விட்டுவிடுங்கள். ஆற்று ஊற்றில் முதல் கலங்கலை இறைத்துக் கொட்டினார்களே, அதே நியாயம்தான்.

மூன்றாவது, புதிதாக வீடு கட்டுகிறவர்கள் உறிஞ்சுகுழிக்கும் கிணறு அல்லது போர்வெல்லுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது சுமார் 50 அடி இடைவெளி விடுங்கள். உங்கள் போர்வெல்லை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போர்வெல் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மதில் சுவர் மண்ணுக்கு அடியில் இல்லை.

நான்காவது, பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அரிசி, பருப்பு ஊறவைத்த, கழுவிய தண்ணீரையும் சும்மா விட வேண்டாம். உப்பில்லாத அந்தத் தண்ணீர் செடிக்கு நல்லது. மாடு வைத்திருப்பவர் தெருவில் இருந்தால் கழுநீர்ப் பானைக்குப் போகட்டும்.

ஐந்தாவது, வருடத்துக்கு இரண்டு முறை, கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, ஒவ்வொரு வீட்டு போர்வெல்லின் டிடிஎஸ் அளவையும் ஒரு நோட்டில் எழுதிவைப்போம். அளக்கிற கருவி விலை குறைவுதான். ஒன்றே ஒன்று சங்கத்தில் இருந்தால் போதும். டிடிஎஸ் எல்லாவற்றையும் காட்டாது. கிருமியைக் காட்டாது, நச்சு உலோகத்தைக் காட்டாது. ஆனால் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால், எப்போது ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்யலாம். அதிகாரிகளிடம் போகும்போது "தண்ணி சரியில்லைங்க" என்று சொல்வதற்குப் பதில் நோட்டைக் காட்டலாம். நோட்டோடு போகிற மனுவை ஊறப்போடுவது கொஞ்சம் கஷ்டம்.

நம் ஊரில் யாரையாவது திட்டுவதற்கு, "எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை" என்பார்கள். தேங்காய் மட்டையைக் குட்டையில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு நார் எடுப்பார்கள். எந்த மரத்து மட்டையானாலும் ஒரே குட்டையில் ஊறினால் ஒரே நாற்றம்தான். கோபத்தில் சொல்கிற பழமொழி என்றாலும் நிலத்தடி நீர் விஷயத்தில் அது அப்படியே உண்மை. நீங்கள் எந்தத் தெரு, எந்த மாடி, சொந்த வீடா வாடகை வீடா என்று குட்டை கேட்பதில்லை. நாம் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறுகிற மட்டைகள். அந்தக் குட்டையை நாறவிடாமல் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

டிடிஎஸ் நோட்டை எடுத்து நடத்த இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இன்று ராத்திரி கடலை ஊறவைக்கும்போது, எந்தத் தண்ணீரில் ஊறவைக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வையுங்கள்.